லைனா, லேப்டாப்பா? தோட்டப்புற நேரலையில் இரு கருவிகள்

கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் இயங்கலை வகுப்போ, கோயில் நேரலையோ விட்டுவிட்டு வந்தால், முதல் திட்டு லைனுக்குத்தான், அதாவது இணைய இணைப்புக்குத்தான். "இங்க லைனே இல்லங்க" என்று ஒருவர் சொல்லிவிட்டால் மற்றவர்களும் தலையாட்டுவார்கள். பல காலம் அது உண்மையாகவும் இருந்தது. 1917-இல் மலேசியாவின் முதல் வணிக எண்ணெய்ப்பனைத் தோட்டம் தொடங்கிய தென்னமாரம் இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. அன்றிலிருந்து பரவிய பனைக்காடு இன்று ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, புக்கிட் ரோத்தான் என்று நீண்டு, வடக்கே சபாக் பெர்ணம் வரைக்கும் விட்டுவிட்டுத் தொடர்கிறது. வளர்ந்த பனையின் மட்டைகள் அலைபேசிக் கோபுரத்தின் சமிக்ஞையைக் குடித்துவிடும். கோபுரத்துக்கும் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்கும் நடுவே நாலைந்து ஏக்கர் பனை நின்றாலே போதும், கைப்பேசியில் கோடுகள் குறைந்துவிடும்.

ஆனால் நிலைமை மாறியிருக்கிறது. 2020-இல் அறிவிக்கப்பட்ட ஜெண்டேலா என்ற தேசிய இணையக் கட்டமைப்புத் திட்டத்தின்கீழ் 4ஜி விரிவானது. 2021 இறுதியோடு 3ஜி சேவை நிறுத்தப்பட்டது. லைன் ஓரளவு தேறிய இடங்களிலும் படம் இன்னும் திணறுகிறது. அப்போது திட்டு போய்ச் சேரவேண்டிய இடம் பெரும்பாலும் மேசைமேல் இருக்கும் பழைய மடிக்கணினி. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், பழியை லைன்மேல் போடும் குடும்பம் மாதச் சந்தாவை உயர்த்திக்கொண்டே போகிறது, கோளாறு மட்டும் அப்படியே இருக்கிறது என்பதுதான்.

இந்தப் பழைய கருவிகள் நம் வீடுகளுக்கு வந்து சேர்ந்த கதை சுருக்கமானது. 2010-க்குப் பிந்தைய ஆண்டுகளில் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு ஒரே மலேசியா நெட்புக் வழங்கப்பட்டது. அடுத்து ஒன் பெஸ்தாரிநெட் திட்டம் பள்ளிகளுக்குக் குரோம்புக் கொண்டுவந்தது. மற்றவை அண்ணன் கல்லூரியில் பயன்படுத்தியது, அக்காள் வேலையிடத்தில் கழித்துவிட்டது என்று கைமாறி வந்தவை. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது அவற்றையெல்லாம் தூசு தட்டி எடுத்தோம். கல்வி அமைச்சு அந்த ஆண்டு எடுத்த ஆய்வில் 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்தக் கருவியும் இல்லை என்று தெரிந்தது. திறன்பேசி வைத்திருந்தவர்கள் 46 விழுக்காடு, மடிக்கணினி வைத்திருந்தவர்கள் வெறும் 9 விழுக்காடு. மாணவர்களுக்குக் கருவி வழங்கும் செர்டிக் திட்டத்தில் 500 பள்ளிகளுக்கு 1,50,000 கருவிகள் என்று இலக்கு வைத்தார்கள். அது கிடைக்காத வீடுகள் கையில் இருந்ததை வைத்துத்தான் சமாளித்தன.

ஆகவே இன்று ஒரு தோட்டத்து வீட்டில் இரண்டு கருவிகள் இருக்கும்: பத்து வருடம் கடந்த மடிக்கணினி ஒன்று, மூன்று நான்கு வருடம் ஆன கைப்பேசி ஒன்று. படம் எடுத்து அனுப்பும் வேலையில் இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே கோளாறைக் கண்டுபிடிக்கும் வழியும்கூட.

ஒப்பீடு நியாயமாக இருக்கவேண்டும். கைப்பேசி டேட்டாவில், மடிக்கணினி வைஃபையில் என்று வைத்துப் பார்த்தால் எதுவும் விளங்காது. இரண்டையும் ஒரே வைஃபையில், ஒரே அறையில், ஒரே கூட்டத்தில் சேருங்கள். கைப்பேசியில் படம் ஒழுங்காகப் போய், மடிக்கணினியில் திணறினால் லைன் குற்றவாளி இல்லை. இரண்டும் ஒன்றாகத் திணறினால் லைனைப் பாருங்கள். இன்னும் எளிய சோதனை ஒன்று உண்டு. மடிக்கணினியின் கேமரா முன்னால் கையை இடவலமாக மெதுவாக ஆட்டி, திரையில் தெரியும் உங்கள் சொந்தப் படத்தைப் பாருங்கள். அந்தப் படம் இணையத்துக்குப் போய்த் திரும்பி வருவதில்லை, கணினிக்குள்ளேயே உருவாகிறது. அதுவே வெட்டி வெட்டித் தெரிந்தால், எந்தத் தொலைத்தொடர்பு நிறுவனத்தை மாற்றினாலும் பயனில்லை.

ஏன் திணறுகிறது என்பதைக் கணக்கோடு பார்க்கலாம். 640-க்கு 480 புள்ளிகள் கொண்ட சிறிய படத்தை வினாடிக்கு 30 பிரேம் வீதம் சுருக்காமல் கொண்டுவந்தால், வினாடிக்கு ஏறத்தாழ 147 மெகாபிட் ஆகும். யூஎஸ்பி 2.0 கம்பி அதைத் தாங்கும். அதே கேமராவை 1280-க்கு 720 என்று மாற்றினால் 442 மெகாபிட். காகிதத்தில் யூஎஸ்பி 2.0-இன் வேகம் 480 என்றாலும், நடைமுறையில் கேமராவுக்குக் கிடைப்பது அதில் பாதிகூட இல்லை. அதனால் கேமரா ஒவ்வொரு பிரேமையும் ஜேபெக் படமாகச் சுருக்கி அனுப்புகிறது. கணினி அதை விரித்து, அளவு மாற்றி, பிறகு இணையத்தில் அனுப்புவதற்காக மறுபடி சுருக்குகிறது. ஒரு சாதாரண காணொளிக் கூட்டத்துக்கு 600 கிலோபிட் போதும் என்பது ஸூமின் கணக்கு. 147 மெகாபிட்டை 600 கிலோபிட்டாகக் குறைப்பது என்றால் இருநூறு மடங்குக்கு மேல். அந்தச் சுருக்கல்தான் பழைய புராசசரின் முதுகை ஒடிக்கிறது.

கைப்பேசியில் இந்த வேலையைப் பொதுப் புராசசர் செய்வதில்லை. படம் சுருக்குவதற்கென்றே ஒரு தனிப்பகுதி அதன் சில்லுக்குள் இருக்கிறது. விலை குறைந்த கைப்பேசியும் 1080 அளவில் காணொளி பதிவுசெய்கிறதே, அதன் காரணம் இதுதான். மடிக்கணினிகளில் இன்டெல் இப்படியொரு பகுதியை, குவிக் சிங்க் என்ற பெயரில், 2011-இல் இரண்டாம் தலைமுறை கோர் புராசசர்களோடுதான் கொண்டுவந்தது. அதற்கு முந்திய கோர் 2 டுவோவிலும், நெட்புக்கில் இருந்த ஆட்டம் புராசசரிலும் அது கிடையாது. இரண்டாம் தலைமுறையிலும் அதற்குப் பின் வந்த பலவற்றிலும் ஒரு சிக்கல். அந்தப் பகுதிக்குத் தெரிந்தது பெரும்பாலும் எச்.264 என்ற சுருக்கல் முறை. உலாவியில் நடக்கும் கூட்டங்கள் பெரும்பாலும் விபி8, விபி9 முறைகளில் நடக்கின்றன. அதனால் உள்ளே இருக்கும் உதவியாளர் சும்மா உட்கார்ந்திருக்க, புராசசர் தனியாக எல்லாவற்றையும் சுமக்கிறது.

வயதை எண்ணிக்கொண்டிருக்காமல் இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மற்ற எல்லாம் புரியும். கைப்பேசி சுருக்குவதற்கு ஆள் வைத்திருக்கிறது, பழைய மடிக்கணினிக்கு அந்த ஆள் இல்லை, அல்லது இருந்தும் வேலை கொடுக்கப்படவில்லை.

எங்கே தடுக்கிறது என்று கண்ணால் பார்க்கவும் வழி இருக்கிறது. ஸூமில் அமைப்புகளுக்குள் புள்ளிவிவரம் என்ற பக்கம் புராசசர் பயன்பாட்டையும் இணைய அளவையும் ஒன்றன்கீழ் ஒன்றாகக் காட்டும். கோயில் நேரலைக்குப் பலரும் பயன்படுத்தும் ஓபிஎஸ் மென்பொருளில் இது இன்னும் தெளிவு. அதன் புள்ளிவிவரச் சன்னலில் மூன்று வரிகள் தனித்தனியாக ஓடும். ரெண்டரிங் தாமதத்தால் தவறிய பிரேம், என்கோடிங் தாமதத்தால் விடப்பட்ட பிரேம், நெட்வொர்க்கில் விழுந்த பிரேம். மூன்றாவது வரி ஏறினால் லைன். இரண்டாவது ஏறினால் புராசசர். முதலாவது ஏறினால் படத்தை ஒட்டித் தயாரிக்கும் கிராபிக்ஸ் பகுதி. நேரலைக்கு முன் பத்து நிமிடம் ஓடவிட்டு இந்த மூன்று வரிகளைப் பார்க்காமல் "லைன் சரியில்லை" என்று அறிவிப்பது, இரத்தம் எடுக்காமல் சர்க்கரைக்கு மருந்து கொடுப்பதைப் போன்றது.

கோளாறு வரும் நேரமும் பேசும். மாலையில் எல்லாரும் வேலை முடிந்து வீடு திரும்பியதும் திணறல் கூடி, நள்ளிரவில் குறைந்தால் அது லைன். எந்த நேரமானாலும் முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடி, பிறகு விசிறி இரைந்து, படம் தடுமாறத் தொடங்கினால் அது சூடு. புராசசர் சூடேறினால் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைக்கும். தகரக்கூரை வீட்டில் மதியம் இரண்டு மணிக்கு, மெத்தைமேல் வைத்த மடிக்கணினிக்கு வேறு வழி கிடையாது.

அந்தக் கணினியின் அடிப்பலகையைக் கழற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். விசிறியில் தூசு அதிகம் இருக்காது. விசிறிக்கும் செம்புக்குழாயின் முனையில் உள்ள தகடுகளுக்கும் நடுவே கம்பளித்துணி போல ஒரு படலம் குறுக்கே அடைத்து நிற்கும். வெளியிலிருந்து காற்று ஊதினால் அது வெளியே வராது, கொஞ்சம் உள்ளே தள்ளப்படும், அவ்வளவுதான். விசிறியைத் தூக்கி, அந்தப் படலத்தை விரலால் உரித்தெடுக்க வேண்டும். அப்படியே புராசசர்மேல் காய்ந்து பொடியாகிப்போன வெப்பப் பசையைத் துடைத்துவிட்டுப் புதிதாக ஒரு துளி வைக்க வேண்டும். செலவு மிகக் குறைவு. என் பார்வையில் பழைய மடிக்கணினிக்குச் செய்யவேண்டிய முதல் வைத்தியம் இதுதான், அதிகம் பேர் கடைசியாகச் செய்வதும் இதுதான்.

இங்கே மூன்றாவது குற்றவாளி ஒன்றையும் சொல்லவேண்டும். அறையில் ஒரே ஒரு குழல்விளக்கு, அதுவும் முதுகுப்பக்கம் இருந்தால், வெப்கேம் வெளிச்சத்துக்காக ஒவ்வொரு பிரேமையும் நீண்ட நேரம் திறந்து வைக்கும். வினாடிக்கு 30 பிரேம் என்பது 15-ஆகவோ அதற்கும் கீழாகவோ இறங்கிவிடும். கையை ஆட்டிப் பார்த்தால் படம் இழுபடும், ஆனால் புராசசர் பயன்பாடு குறைவாகவே காட்டும். லைனும் நலம், கணினியும் நலம். முகத்துக்கு நேரே ஒரு விளக்கு வைத்தால் தீரும் கோளாறு இது. கைப்பேசிக் கேமராவுக்கு வெளிச்சம் வாங்கும் திறன் கூடுதல் என்பதால் அங்கே இது அவ்வளவாகத் தெரிவதில்லை.

பழுதுபார்க்கும் கடைக்குப் போனால் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "எஸ்எஸ்டி போட்டா சரியாயிடும்." இதில் பாதி உண்மை. சுழலும் ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டால் கணினி எழுந்திருக்கும் நேரம் நிமிடத்திலிருந்து வினாடிகளுக்கு வந்துவிடும். 4 ஜிபி ரேம் நிறைந்து டிஸ்க்கைக் கடன் கேட்கும் நேரத்தில் வரும் உறைதலும் குறையும். ஆனால் படம் சுருக்கும் வேலையில் எஸ்எஸ்டிக்குப் பங்கில்லை. கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, கூட்டம் நடக்கும்போதே பாருங்கள். டிஸ்க் 100 விழுக்காட்டில் நின்றால் எஸ்எஸ்டி வாங்குங்கள். மெமரி நிறைந்திருந்தால் ரேம் சேருங்கள். புராசசர் 100-இல் நின்றால் அந்த இரண்டு செலவும் கூட்டத்தைக் காப்பாற்றாது.

புது வெப்கேம் வாங்குவது அதைவிட வீண். தெளிவு கூடிய கேமரா அதிகப் புள்ளிகளைக் கொண்டுவந்து கொட்டும், மடிக்கணினியின் சுமை ஏறும். விதிவிலக்காக, லாஜிடெக் சி920 கேமரா 2012-இல் வந்தபோது அதற்குள்ளேயே எச்.264 சுருக்கி ஒன்று இருந்தது. பிற்பாடு வந்த சி920 கேமராக்களில் அதை நீக்கிவிட்டார்கள். கைப்பேசியையே வெப்கேமாக மாற்றும் ட்ராய்ட்கேம் போன்ற செயலிகளும் இதே வகைதான். படம் அழகாகும், ஆனால் சுருக்கும் வேலை மடிக்கணினியிடமே தங்கிவிடும், விரிக்கும் வேலையும் கூடச் சேரும்.

இதுவரை சொன்னதை வைத்துக் கைப்பேசியே வென்றது என்று முடிவுகட்டினால், வகுப்பறையில் அது பொய்யாகிவிடும். முதலில், கைப்பேசி வீட்டில் இருக்காது. காலையில் பழம் வெட்டப் போகும் அப்பாவின் பையில் இருக்கும். இரண்டாவது, ஆறங்குலத் திரையில் ஆசிரியரின் பலகையையும் பார்த்து, பயிற்சியையும் எழுதி அனுப்ப ஒன்பது வயதுப் பிள்ளையால் ஆகாது. தமிழில் தட்டச்சு செய்யவேண்டுமானால் விசைப்பலகை வேண்டும். இருபத்தைந்து பிள்ளைகளின் முகத்தையும் பார்த்துக்கொண்டு, பாடத்தையும் திரையில் பகிரவேண்டிய ஆசிரியருக்குச் சொல்லவே வேண்டாம். வகுப்புக்கு மடிக்கணினிதான் கருவி. ஆகவே அதன் சுமையை இறக்கத்தான் பார்க்கவேண்டும்.

இறக்குவது கடினமில்லை. எச்டி காணொளியை அணைத்துவிடுங்கள். பின்னணிப் படத்தையும் மங்கலாக்குவதையும் எடுத்துவிடுங்கள், ஒவ்வொரு பிரேமிலும் ஆளை வெட்டியெடுக்கும் அந்த வேலை பழைய புராசசருக்குத் தனிக் கொடுமை. எல்லார் முகமும் தெரியும் கட்டக் காட்சிக்குப் பதில், பேசுபவரை மட்டும் காட்டும் காட்சிக்கு மாறுங்கள். இருபத்தைந்து படங்களை ஒரே நேரத்தில் விரிப்பதும் சுமைதான், அனுப்புவது மட்டுமே சுமை என்று நினைத்துவிடக் கூடாது. ஓபிஎஸ்ஸில் அளவை 720-க்கு இறக்கி, என்கோடரைக் குவிக் சிங்க்குக்கு மாற்றுங்கள். அது இல்லாத கணினியென்றால் அல்ட்ராபாஸ்ட் முன்னமைவில் வையுங்கள், படம் சற்று மோசமாகும், ஆனால் ஓடும்.

இணைப்பிலும் பழைய மடிக்கணினிக்குத் தனித் தொல்லைகள் உண்டு. 3ஜி காலத்தில் வாங்கிய யூஎஸ்பி மோடம் 2021-க்குப் பிறகு காணொளிக்குப் பயன்படாது. பல பழைய கணினிகளின் வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே பிடிக்கும். கைப்பேசியின் ஹாட்ஸ்பாட் 5-இல் இருந்தால் அதன் பெயரே திரையில் வராது. முன்கட்டணத் திட்டங்கள் பலவற்றில் ஹாட்ஸ்பாட்டுக்குத் தனி அளவு வைத்திருக்கிறார்கள், "அன்லிமிடெட்" என்று வாங்கியிருந்தாலும் அந்த அளவு தீர்ந்ததும் மடிக்கணினி நின்றுவிடும். கைப்பேசியிலிருந்து நேரடியாக ஒளிபரப்பினால் இந்த இடைத்தரகே இல்லை.

கோயில் நேரலைக்கு வந்தால் தராசு மறுபக்கம் சாய்கிறது. அதன் தேவையை வெளியூர் வாசகர்களுக்குச் சொல்லவேண்டும். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் சனங்கள் கலைந்துபோன வட்டாரம் இது. பெஸ்தாரி ஜெயா, புக்கிட் தாகார் பக்கத்து மேரி, நைகல் கார்ட்னர், சுங்கை திங்கி, மின்யாக் தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் வீட்டுக்காகப் பல ஆண்டுகள் போராடினார்கள். வேலை போனது, லயம் போனது. பல இடங்களில் அம்மன் கோயில் மட்டும் பனைக்கு நடுவே நிற்கிறது. கிள்ளானிலும் ஷா ஆலாமிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்கள் வருடத்துக்கு ஒருமுறை தீமிதிக்குக் கூடுகிறார்கள். வரமுடியாத பாட்டி நேரலையில் பார்க்கிறார். கரகம் இறங்கும் நேரத்தில் படம் உறைந்தால் அவருக்கு அந்த வருடத்துத் திருவிழாவே போய்விடுகிறது.

அங்கே மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போவதில் பொருளில்லை என்பது என் முடிவு. வெயில், புகை, தண்ணீர், நீட்டுக்கம்பி மின்சாரம் எல்லாம் அதற்கு எதிரி. கைப்பேசியை முக்காலியில் நிறுத்தினால் சுருக்குவதும் அனுப்புவதும் ஒரே கருவிக்குள் முடிகின்றன. எச்சரிக்கை சில உண்டு. வெயிலில் கைப்பேசியும் சூடேறி அணைந்துவிடும், குடை வேண்டும். அழைப்பு வந்தால் ஒளிபரப்பு அறுபடும், தொந்தரவு செய்யாதே என்ற நிலையில் வைக்கவேண்டும். யூடியூப்பில் கைப்பேசியிலிருந்து நேரலை செய்ய 50 சந்தாதாரர் தேவை, கணினியிலிருந்து செய்ய அந்த நிபந்தனை இல்லை. வினாடிக்கு 2.5 மெகாபிட்டில் அனுப்பினால் மணிக்கு 1.1 ஜிபிக்குச் சற்று மேல் செலவாகும். வேகச் சோதனையில் முதலில் பெரிதாகத் தெரியும் பதிவிறக்க எண்ணைப் பார்த்து மகிழவேண்டாம், பதிவேற்ற எண்தான் கணக்கு. ஒன்றில் மட்டும் மடிக்கணினி முந்துகிறது: ஒலி. உறுமியும் நாதஸ்வரமும் சேர்ந்தால் கைப்பேசியின் மைக் கிழிந்துபோகும். மண்டபத்துக்குள் நடக்கும் சமயச் சொற்பொழிவுக்கோ, ஒலிபெருக்கி மிக்சரிலிருந்து கம்பி இழுக்கவேண்டிய நிகழ்ச்சிக்கோ மடிக்கணினி வசதியானது.

சரி, எந்த மடிக்கணினிக்குச் செலவு செய்யலாம்? விசைப்பலகைக்குக் கீழே ஒட்டியிருக்கும் சிட்டையையும், கணினி பற்றிய பக்கத்தில் உள்ள புராசசர் பெயரையும் பாருங்கள். ஐ5-3210எம் என்று இருந்தால் கோட்டுக்குப் பின் வரும் 3 என்பது மூன்றாம் தலைமுறை. இரண்டு முதல் ஏழு வரை என்றால் தூசு எடுத்து, பசை வைத்து, 8 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் போட்டு வகுப்புக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். அவை பெரும்பாலும் அதிகாரபூர்வமாக விண்டோஸ் 11 ஏற்காதவை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. ஆகவே லினக்ஸ் மின்ட்டோ, கூகுளின் குரோம் ஓஎஸ் ஃபிளெக்ஸோ போடுவது நல்லது, இரண்டும் இலவசம். ஆட்டம் புராசசர் கொண்ட நெட்புக்குக்கு ஒரு வெள்ளியும் செலவழிக்க வேண்டாம். அதில் கடிதம் தட்டச்சு செய்யலாம், காணொளி கேட்காதீர்கள்.

ஆலய நிர்வாகங்களுக்கும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தில் "புது லேப்டாப் வாங்கணும்" என்ற பேச்சு வந்தால், பணம் ஒதுக்கும் முன் பழையதையும் ஒரு கைப்பேசியையும் ஒரே வைஃபையில் பத்து நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். மூன்றாம் நான்காம் தலைமுறைக் கணினி சும்மா கிடக்கும் அலுவலகத்தில் யாராவது உறவினர் வேலை செய்தால் கேட்டு வாங்குங்கள். தூசு தட்டி, லினக்ஸ் போட்டு, கைப்பேசி வேலைக்குப் போய்விடும் ஒரு வீட்டுப் பிள்ளையிடம் கொடுங்கள். திருவிழாவுக்கு வேண்டியது ஏற்கெனவே உங்கள் சட்டைப்பையில் இருக்கிறது. ஒரு முக்காலியும் ஒரு குடையும் வாங்கினால் போதும்.